பழசைக் காட்டாமல் புதுசு கிடையாது

பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாரோ என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். என்னிடம் பிக்கப் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. ஈப்போவில் ஒரு பிரேக் சாமான் கடையின் கவுண்டரில் வேலைக் காலம் முழுவதும் நின்றவள் என்பதால் சேர்த்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கைப்பேசியைத்தான் பார்ப்பேன். சாமி படமும் பூப்படமும் காலை வணக்கமும் குவிந்து கிடக்கும். என் பெயரைப் போட்டு யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்கள் சீக்கிரம் முடிவதில்லை.

இன்று கேட்டிருந்தார்கள். தைப்பிங்கிலிருந்து ஒருவர். "லெச்சுமி அக்கா, நம்ம பிக்கப்புல எப்பவும் லோட் கூட. எந்த பிரேக் பேட் போட்டா தாங்கும்? டிஸ்க்கும் மாத்தணுமா? ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஆளாளுக்குப் பெட்டியின் படத்தைப் போட்டுவிட்டார்கள். சிவப்புப் பெட்டிதான் நல்லது என்றார் ஒருவர். இல்லை, மஞ்சள் பெட்டி என்றார் இன்னொருவர். நிறம் பார்த்து வாங்குவதற்கு இது என்ன தீபாவளிச் சட்டையா? நான் ஒரே வரி எழுதினேன். "இப்ப இருக்கிற பேடைக் கழற்றி போட்டோ எடுத்து அனுப்புங்க." மாலையில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மாலைவரை எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு வரி என்னுடையது அல்ல, தவுக்கேயினுடையது. கடை முதலாளியை நாங்கள் எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கையில்லாத வெள்ளைப் பனியன், பக்கத்தில் ஆறிப்போன கோப்பி, காதில் சொருகிய பென்சில். ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்த சீனர். தமிழும் மலாயும் கலந்து ஒரு பாஷை பேசுவார். அவர் கடைக்கு ஒரே சட்டம்தான். பழைய பேடைக் கவுண்டரில் வைக்காமல் புதிய பேட் விற்பதில்லை. எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும், "பழசு மானா?" என்பார். பழசு எங்கே என்று அர்த்தம். வண்டியிலேயே இருக்கிறது என்றால், "கழட்டி கொண்டா" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொள்வார். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்றுதான் விடுவார்.

நான் அங்கே சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்று, பால் மரத்தையெல்லாம் சாய்த்து, லயத்து வீடுகளை இடித்தார்கள். பலர் அதை நினைத்து உருகுகிறார்கள். எனக்கு நினைவில் இருப்பது அட்டைக்கடியும் ஒழுகும் கூரையும்தான். நானும் அம்மாவும் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். தம்பிகள் கல்யாணம் செய்துகொண்டு கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போனார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே, நான் நின்றேன். அப்படியே நின்றுவிட்டேன். தினமும் ஈப்போவுக்கு பஸ். கடையில் பெண் என்று நான் ஒருத்திதான். வந்த முதல் வருடத்தில் பெட்டிகளை அடுக்கினேன், பிறகு பெயர்களைக் கற்றேன், பிறகு பழைய பேடைப் படிக்கக் கற்றேன்.

படிப்பது என்று சொல்வது சும்மா இல்லை. பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால், அதை நகரவிடும் சின்னக் கம்பி துருவேறி இறுகியிருக்கிறது; புது பேட் போட்டாலும் அப்படித்தான் தேயும். ஓரம் பொடிந்து உதிர்ந்தால் மட்டமான சரக்கு. முகம் கண்ணாடியாகப் பளபளத்தால் வெந்துபோயிருக்கிறது, இனி அது பிடிக்காது, வழுக்கும். தவுக்கே ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு நானும் முகர ஆரம்பித்தேன். வெந்த பேடின் வாசனை ஒருமுறை ஏறினால் விரலைவிட்டுப் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தைப்பிங்காரர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டவுனுக்குள் ஓடும் காருக்கு செராமிக் பேட் நன்றாக இருக்கும்; சத்தம் வராது, ரிம்மில் கரி படியாது. சுமை ஏற்றி மலை இறங்கும் பிக்கப்புக்கு உலோகத் தூள் கலந்த பேட்தான் சரி. காலையில் கீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் தின்னும், ஆனால் சூட்டில் கைவிடாது. ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. சுமை வண்டியில் அந்த ஓட்டையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஓட்டை இல்லாத, இரண்டு முகத்துக்கும் நடுவே காற்றுப் போக வழியுள்ள, கனமான டிஸ்க் போதும். தவுக்கே ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்கை இரண்டு கையிலும் ஏந்திப் பார்ப்பார். இலேசாக இருப்பதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொன்று. புது பேட் போட்டவர்களை அவர் உடனே விடமாட்டார். பக்கத்துப் பட்டறையில் ஃபோர்மேன் மாட்டி முடித்ததும், ஓட்டுநர் நேர் ரோட்டில் போய், வேகமெடுத்து, அழுத்தி, முழுக்க நிற்காமல் வேகத்தைக் குறைத்து, மறுபடி எடுத்து, மறுபடி அழுத்தி, அப்படிச் சில தடவை செய்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். பேடின் தூள் டிஸ்க்கின் முகத்தில் சமமாக ஏற அதுதான் வழி. வந்ததும் நிழலில் நிறுத்த வேண்டும், பிரேக்கை மிதித்தபடி உட்காரக்கூடாது. டிஸ்க் ஆறும்வரை ஓட்டுநர் கவுண்டருக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஆறிவிட்டதா என்று தவுக்கே புறங்கையை அருகில் வைத்துப் பார்ப்பார். "போலாம்" என்றால் போகலாம்.

அந்த பெஞ்சில்தான் குணா உட்கார்ந்தார்.

குணசேகரன் என்று முழுப்பெயர். கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக ஈப்போ பசாருக்குக் காய்கறி இறக்குகிறவர். சொந்த பிக்கப். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் ஜொகூரில் வேலையாக இருந்தாள். அவர் வண்டியின் முன் சக்கர பேட் மட்டும் அடிக்கடி கருகிப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஒரு வருடம் ஓட்டும் பேடை அவர் சில வாரத்தில் வேகவைத்துக் கொண்டுவருவார். நாளிதழில் சுற்றி, ஏதோ மீன் வாங்கி வந்தவர்போல் கவுண்டரில் வைப்பார்.

"மறுபடியும் கருகிடுச்சுக்கா."

"அண்ணே, கியர் இறக்கி ஓட்டுறீங்களா, இல்ல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வாரீங்களா?"

"ரெண்டாவது கியர்லதான் இறங்குறேன். சாமி சத்தியமா லா."

பேட் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து, முகம் வெந்து பளபளத்தது. டிஸ்க்கில் நீலத் திட்டுகள். ஃபோர்மேன் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பிரேக் எண்ணெயை மாற்றினார். நல்ல பேட், அதைவிட நல்ல பேட், கனத்த டிஸ்க் என்று நாங்களும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். எல்லாம் அதேபோலத் திரும்பி வந்தது. தவுக்கேக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு கருகிய பேடை மேசையிலேயே வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் டிஸ்க் ஆறும்வரை அவர் அந்த பெஞ்சில் இருப்பார். மலையிலிருந்து ஒரு கட்டு கீரையோ நாலு தக்காளியோ கொண்டுவந்து வைப்பார். நான் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னால் எல்லோரும், அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வருவார்கள். இவர் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு அங்க பஸ் வசதி எப்படி?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்னேன். ஏன் சொல்கிறாய் என்று அம்மா பார்த்த பார்வையில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் அவர் பிக்கப் ஊர்ந்து வந்து கடை முன்னால் நின்றது. ஒரு பக்கம் முழுக்கச் செம்மண். இறங்கி நேராகக் கவுண்டருக்கு வந்தார். தாப்பாவுக்கு மேலே கடைசி இறக்கத்தில் பிரேக் பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டதாம். கியரை இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எதிரே பஸ் வருவதைப் பார்த்ததும் வண்டியை மலைப் பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தியிருக்கிறார். எதிர்ப்பக்கம் பள்ளம்.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தா, மகளுக்கு யாரு போன் பண்ணிச் சொல்றதுன்னுதான் நெனச்சேன்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

முன் பேடைப் பார்க்கவே தேவையில்லை. "பின்னால இருக்கிறதையும் கழட்டச் சொல்லுங்க" என்று நான் ஃபோர்மேனிடம் சொன்னேன். பின் சக்கரத்தில் டிரம் பிரேக், பேடுக்குப் பதில் ஷூ. அந்தப் பழைய ஷூவை இதுவரை அவர் எங்களிடம் கொண்டுவந்ததில்லை, தேய்ந்ததே இல்லை என்பதால். ஃபோர்மேன் கொண்டுவந்து வைத்தார். வைத்ததும் தவுக்கே எழுந்து நின்றுவிட்டார். கருகவில்லை, தேயவில்லை, புதுசாக இருந்தது. முன்னால் இருக்கிற பிரேக் தீயாய் எரிகிறது, பின்னால் இருக்கிறது வேலைக்கே வரவில்லை.

நான் கவுண்டரை விட்டு வெளியே போனேன். வெயிலில் நின்று அந்த வண்டியைப் பார்த்தேன். வழக்கமாக அவர் பசாரில் சாமானை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடுதான் வருவார். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சுமையோடு பார்க்கிறேன். முட்டைக்கோஸ் கூடைகள் கேபினுக்கு மேலே ஏறி நின்றன. அப்படியும் பின்பக்கம் இம்மிகூடத் தாழவில்லை, வெறும் வண்டியைப் போல நிமிர்ந்து நின்றது.

"ஸ்பிரிங் பட்டை சேர்த்திருக்கீங்களா?"

"ஆமா. எல்லாரும்தான் சேர்க்கிறாங்க. பின்னால தொங்குனா லோட் கூடன்னு ரோட்டுலயே நிப்பாட்டிருவாங்க லா."

தவுக்கே அந்த வயதில் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். பின் அச்சுக்கு மேலே ஒரு கம்பி உண்டு. சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி மேலே தள்ளும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம் கூடும். சுமை இல்லாதபோது அழுத்தத்தைக் குறைத்துவிடும், வெறும் வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடாது என்பதற்காக. இவர் பட்டை சேர்த்துத் தூக்கிவிட்டதால் வண்டி தாழவே இல்லை, கம்பியும் அசையவில்லை. மலை மலையாக ஏற்றியும் மொத்தப் பாரத்தையும் முன் பிரேக்கே தாங்கியிருக்கிறது.

தவுக்கே தூசியோடு எழுந்தார். "வண்டி நெனைக்குது, சாமான் தா அடா. ஒன்னும் இல்ல. கோசோங்" என்றார். வண்டி தன்னைக் காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நானும் எதையும் வெளியே காட்டாமல் நிமிர்ந்தே நின்று பழகியவள்தான். லெச்சுமிக்கு என்ன, தனிக்கட்டை, கவலை இல்லாத ஜீவன் என்று பஸ்ஸில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சேர்த்த பட்டையைக் கழற்ற வேண்டும், கம்பியைச் சரியான அளவில் வைக்க வேண்டும், சுமையையும் குறைக்க வேண்டும் என்றோம். குறைத்தால் ஒரு நடை இரண்டு நடையாகும். அவர் தவுக்கேயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"குறைச்சுக்குங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரி."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவர் அக்கா என்று சொல்லவில்லை. என்னைவிடப் பெரியவர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், கவுண்டரில் நிற்கிறவளுக்கு அதுதான் பெயர். நானும் எல்லோரையும் அண்ணே என்பேன். அன்றைக்கு நானும் அவரை அண்ணே என்று சொல்லியிருக்கவில்லை. வீடு வரும்வரை நடந்த பேச்சை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அந்த மத்தியானம் முழுவதும் ஒருமுறைகூட இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் பஸ்ஸில் வந்ததில்லை, சொல்வதற்கு என்ன வெட்கம்.

மறுநாள் பட்டையைக் கழற்றினார்கள், புது பேடும் டிஸ்க்கும் மாட்டினார்கள், அவர் நேர் ரோட்டில் போய் வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், டிஸ்க் ஆறியது. "போலாம்" என்றார் தவுக்கே. அதற்குப் பிறகு குணா வரவில்லை.

வராமல் இருப்பதுதானே நல்ல செய்தி. பிரேக் கடையில் வேலை செய்கிறவளுக்கு அது தெரியாதா? வரவில்லை என்றால் பேட் தாங்குகிறது, மலையிலிருந்து பத்திரமாக இறங்குகிறார். நானே கண்டுபிடித்துச் சரி செய்தது. ஆனாலும் கடை வாசலில் பிக்கப் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும். மழை மாதம் போனது, தைப்பூசம் போனது. அம்மா ஒருநாள், "இப்பல்லாம் கீரை வரதில்லையே" என்றார். மலையில் விலை ஏறிவிட்டது என்றேன்.

பிறகு ஒருநாள் வந்தார். நாளிதழில் சுற்றிய பொட்டலம் கையில் இருந்தது. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. மறுபடியும் கருகிவிட்டதா? அவசரமாகப் பிரித்தேன். பேட் சாதுவாக, சீராக, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. முகர்ந்தேன். வேகவில்லை.

"மாத்திரலாமான்னு பார்த்தேன்" என்றார்.

"நல்லா இருக்கே. இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்."

"இல்ல, மலை ரோடு. புதுசு போட்டா நல்லதுன்னு தோணுச்சு."

உள்ளேயிருந்து தவுக்கே எழுந்து வந்து பேடைக் கையில் வாங்கினார், பென்சிலால் தட்டினார், திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்கு. ஏன் மாத்து? வேஸ்ட் லா."

குணா பேடை மறுபடி நாளிதழில் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் பட்டறைப் பக்கம் பார்த்தேன். அவர் பிக்கப் முன் சக்கரம் இல்லாமல் ஜாக்கில் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, விரல்களில் கரி. ஒரு பேடைக் கழற்ற ஜாக் வைக்க வேண்டும், டயரை எடுக்க வேண்டும், கேலிப்பரைத் திறக்க வேண்டும். நல்ல பேடை யாரும் சும்மா கழற்றுவதில்லை. எங்கள் கடைக்குள் வருவதற்குக் கையில் பழசு இருக்க வேண்டும் என்பதால் கழற்றியிருக்கிறார். புதுசு போட்டால்தான் டிஸ்க் ஆறவேண்டும், டிஸ்க் ஆறினால்தான் அந்த பெஞ்ச்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் எனக்குப் புரிந்தது தெரிந்திருக்கும். தவுக்கே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகக் கவுண்டரில் பேசிப் பேசி என் வாயில் கவுண்டர் பேச்சு மட்டும்தான் இருந்தது.

"பார்த்து ஓட்டுங்க" என்றேன். எல்லோருக்கும் சொல்வது.

"சரி. வாரேன்" என்றார்.

பிறகு வரவில்லை. வெகுகாலம் கழித்து இன்னொரு காய்கறி ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும், குணா வண்டியை விற்றுவிட்டு மகளோடு ஜொகூரில் இருக்கப் போய்விட்டார் என்று. விற்ற வண்டியில் பிரேக் எப்படி இருந்தது என்று அந்த ஓட்டுநரிடம் கேட்டேன். வேறு என்ன கேட்பது? "அருமையா இருந்துச்சுக்கா, வாங்குனவன் இன்னும் ஓட்டுறான்" என்றார். நல்லது என்றேன்.

அம்மா போய்விட்டார். தவுக்கேயும் போய்விட்டார், அவர் பிள்ளைகள் கடையை ஆன்லைனில் நடத்துகிறார்கள். அங்கே யாரும் பழசைக் கேட்பதில்லை, பெட்டி வீட்டுக்கே வந்துவிடுகிறது. என் வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் நான் உட்காருகிறேன், இன்னொன்றில் துவைத்த துணியை மடித்து வைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி சத்தம் போட்டது. தைப்பிங்காரர் படம் அனுப்பிவிட்டார். நாளிதழ் விரித்து அதன்மேல் நாலு பேடையும் வரிசையாக வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். சீரான தேய்மானம், பாதிக்கு மேல் இருக்கிறது, பளபளப்பு இல்லை, ஓரம் உதிரவில்லை. "மாத்தணுமாக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும், மாத்த வேண்டாம்" என்று எழுதினேன். அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன்.

"போட்டோவுல சரியாத் தெரியல. அதையே மாட்டிக்கிட்டு மெதுவா ஓட்டுங்க. ஈப்போ பக்கம் வந்தா வண்டியோட வீட்டுக்கு வாங்க, பார்த்துச் சொல்றேன். நான் எப்பவும் வீட்டுலதான் இருக்கேன்" என்று எழுதி அனுப்பினேன்.

போட்டோவில் நன்றாகத்தான் தெரிந்தது.